கெம்பம்மாளின் நிறைமாதம்

சீமையிலிருந்து மருந்துக் கப்பல்கள் வருவது நின்றுபோன யுத்த காலத்தில், எங்கள் நெடுஞ்சோலைக்கு மேலிருந்த சரிவையெல்லாம் சர்க்கார் உழுது, ரை என்கிற குளிர்நாட்டுத் தானியத்தை விதைத்தது. விதைத்தது தின்பதற்கல்ல, அதற்கு நோய் வரவழைப்பதற்கு. கதிர் எட்டிப் பார்க்கும் பருவத்தில் பெண்கள் வரிசையாக நின்று, ஊசி பதித்த பலகையைக் காளான் கரைத்த தண்ணீரில் தோய்த்து, ஒவ்வொரு கதிராகப் பிடித்துக் குத்துவார்கள். குத்திய இடத்தில் தேன்போல ஒன்று ஒழுகும், எறும்பு மொய்க்கும், பிறகு மணி இருக்கவேண்டிய இடத்தில் எலிப்பல் நீளத்துக்குக் கறுப்பாக ஒரு கொம்பு முளைக்கும். அந்தக் கொம்பைப் பொறுக்கிக் காயவைத்து மூட்டை கட்டி அனுப்பினால் அதிலிருந்து மருந்து எடுப்பார்கள். பிள்ளைத்தாய்ச்சியின் கருப்பையைச் சுருக்கி இறுக்குகிற மருந்து. நாடு முழுக்க எத்தனையோ தாய்மார்களின் ரத்தத்தை நிறுத்தியது எங்கள் ஊர்க் கொம்புதான் என்று இப்போதும் பெருமையடித்துக்கொள்கிறோம், மாதாமாதம் கூலி வாங்கியதைச் சொல்லாமல்.

பண்ணை ஆபீசர் முதல் நாளே எல்லோரையும் உட்காரவைத்துச் சொல்லியிருந்தார். சீமையில் முன்னொரு காலத்தில் மருத்துவச்சிகள், வலி மந்தமாக இருந்தால் இந்தக் கொம்பைப் பொடித்துக் கொடுப்பார்களாம். வலி வரும், ஆனால் விட்டு விட்டு வராமல் ஒரே பிடியாகப் பிடித்துக்கொண்டு உள்ளேயே பிள்ளையின் மூச்சை நிறுத்திவிடுமாம். அதனால் பிள்ளை வெளியே வந்த பிறகுதான் இந்த மருந்து, முன்னால் கூடவே கூடாது. எங்களுக்கு இது நன்றாகப் புரிந்தது. புரிந்ததோடு நிற்காமல், வயிற்றில் பிள்ளை உள்ளவள் கொம்பு கறுக்கும் காலத்தில் அந்தக் காட்டுக்குள் காலே வைக்கக்கூடாது என்று நாங்களாக ஒரு வழக்கமும் வைத்துக்கொண்டோம். அவர்கள் வரப்பில் உட்கார்ந்து கோணிப்பை தைப்பார்கள்.

கொம்பு காயவைக்கும் கொட்டகைக்குக் காவல் திம்மராயன். அவனும் பெண்டாட்டி கெம்பம்மாளும் காரமடைப் பக்கத்திலிருந்து மலையேறி வந்தவர்கள். கெம்பம்மாளுக்குத் தலைப்பிரசவம் வந்தது ஐப்பசி மழையில். பாலம் போய்விட்டது, ஆஸ்பத்திரி அக்கரையில். வலி வருவதும் போவதுமாக அவளைப் போட்டு அலைக்கழித்தது, கடைசியில் வலியும் ஓய்ந்து, அவள் முனகல் மட்டும் மிஞ்சியது. திம்மராயன் நல்லவன். கல்நெஞ்சக்காரனாக இருந்திருந்தால் பேசாமல் வாசலில் உட்கார்ந்திருப்பான். அவன் கொட்டகைக்கு ஓடி, ஒரு சிட்டிகைக் கறுப்புப் பொடியைக் காகிதத்தில் மடித்துக் கொண்டுவந்து, வெந்நீரில் கரைத்து, தன் கையாலேயே புகட்டிவிட்டான். எங்கள் ஊர்க்காரன் மட்டுமே செய்யக்கூடிய தப்பு அது, வேறெங்கே ஒருவன் கைக்கெட்டும் தூரத்தில் அது மூட்டை மூட்டையாக இருக்கும்? வலி வந்தது, விடாமல் வந்தது. பெண் பிள்ளை நீலமாகப் பிறந்தது, அழவில்லை. கெம்பம்மாள் மயக்கம் தெளிந்து கண் விழிப்பதற்குள் திம்மராயன் அதை எடுத்துப்போய்ப் பேரிக்காய் மரத்தடியில் புதைத்துவிட்டு வந்திருந்தான். பிள்ளையின் முகத்தைப் பார்த்தவன் அவன் ஒருவன்தான். பிள்ளை எப்படி இருந்தது என்று அவள் கேட்கவில்லை, அவன் சொல்லவும் இல்லை. கேட்காததும் சொல்லாததும் அந்த வீட்டில் அடுப்பு, பானை, கட்டில் மாதிரி ஒரு சாமானாக நின்றுவிட்டது.

மறுபடி அவள் உண்டானாள். மாதம் நிறைந்து, ஒருநாள் காலையில் தண்ணீர்க் குடத்தோடு மேடேறும்போது முதல் வலி மெல்ல எட்டிப் பார்த்தது. கெம்பம்மாள் குடத்தை இறக்கி வைத்துவிட்டு, இரண்டு கையாலும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு, பின்னால் வந்த பெண்கள் கேட்கவே சொன்னாள்:

"அவசரமில்ல கண்ணு. ஒண்ணும் அவசரமில்ல. சித்தெ இருந்து, உனக்குத் தோணுறப்ப வா."

வலி போய்விட்டது. பிள்ளை இருந்துவிட்டது.

பத்தாம் மாதம் போய்ப் பதினொன்று, பன்னிரண்டு என்று ஆனபோது நாங்கள் கொஞ்சம் பேசிக்கொண்டோம். இரண்டாம் வருஷம் பேச்சு குறைந்தது. அதற்குப் பிறகு, பக்கத்து வீட்டுக்காரன் கால் விந்தி நடப்பதை யாரும் தினமும் பேசிக்கொண்டிருப்பதில்லையே, அதுபோல, கெம்பம்மாள் நிறைமாதமாக இருக்கிறாள் என்பது ஊரின் அமைப்பில் சேர்ந்துகொண்டது. ஏன் என்று கேட்பதற்கு வெளியூர்க்காரர்கள் இருந்தார்கள். பெரிய ஆஸ்பத்திரிகளிலிருந்து ஜீப்பில் வந்தார்கள், படம் பிடித்தார்கள், நாடாவால் அளந்தார்கள், உள்ளே பிள்ளையின் இதயம் ஒழுங்காக அடிக்கிறது என்று எங்களுக்குத் தெரிந்ததையே சொன்னார்கள், டீ குடித்துவிட்டுப் போனார்கள். அறுத்து எடுக்கலாம் என்று ஒருவர் சொன்னபோது மட்டும் கெம்பம்மாள் எழுந்து உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

நாங்கள் எங்கள் வேலையைப் பார்த்தோம். வருஷா வருஷம் மாசி மாதம் அவளுக்கு வளைகாப்பு நடத்தினோம், ஒருமுறை நடத்திவிட்டு விட்டால் பிள்ளை வருத்தப்படும் என்று. ஜனக்கணக்கு எடுக்க வந்த வாத்தியாரிடம் அவள் வீட்டில் மூன்று பேர் என்று அடித்துச் சொன்னாள், அவர் இரண்டு பேர்தான் என்றார், கடைசியில் இரண்டரை போட வழியிருக்கிறதா என்று அவரே மேலதிகாரியைக் கேட்கும்படி ஆயிற்று. பஸ் கண்டக்டர் அவளைப் பார்த்தால், "உள்ளாற இருக்கற ஆளுக்கு அரை டிக்கெட்டுங்ளா, முழு டிக்கெட்டுங்ளா?" என்று கேட்காமல் விடமாட்டான். பள்ளிக்கூடம் விட்டு வரும் பிள்ளைகள் அவள் மடியில் சாய்ந்து வாய்ப்பாடு ஒப்பிப்பார்கள், தப்பாகச் சொன்னால் உள்ளிருந்து உதை விழும். அது பிறந்திருக்க வேண்டிய அதே மாதத்தில் பிறந்த சோடிப்பிள்ளை, தபால்கார பெள்ளனின் மகன், வளர்ந்து மீசை வைத்துப் பட்டாளத்துக்குப் போய், லீவில் வந்தபோது ஒரு டிரான்சிஸ்டர் வாங்கி வந்து அவள் வயிற்றின் மேல் வைத்துப் பாட்டுக் கேட்க வைத்தான். பக்கத்து ஊர் மணியக்காரர், பெண்ணாகப் பிறந்தால் என் மகனுக்கு என்று தாம்பூலம் மாற்றிக்கொண்டு, மகனுக்கு வயது ஏறி வேறிடத்தில் கட்டிவைத்துவிட்டு, பிறகு என் பேரனுக்கு என்று மறுபடி வந்து மாற்றிக்கொண்டார்.

எல்லோரும் அந்த வயிற்றோடு பேசினோம். பேசாதவன் திம்மராயன் ஒருவன்தான். பேசவும் இல்லை, கை வைக்கவும் இல்லை. ராத்திரி கட்டிலில் அவள் பக்கம் திரும்பிப் படுக்கும்போதுகூடக் கையை முதுகுக்குப் பின்னால் மடக்கி வைத்துக்கொள்வானாம். இதைக் கெம்பம்மாளே பெண்களிடம் சொல்லியிருக்கிறாள், குறையாக அல்ல, மழை பெய்தது என்று சொல்வதுபோல.

ஆனால் பிள்ளையை வரவழைக்க மருந்து கொண்டுவந்தவன் அவன்தான். எங்கே எந்த மருந்து புதிதாக வந்தாலும் அவனுக்குத் தெரிந்துவிடும். மலையிறங்கி நடந்து போவான், வாங்கி வருவான், பிற்பாடு ஊருக்கு வந்த டிஸ்பென்சரியில் கம்பவுண்டர் தேவசகாயத்தின் மேசையில் வைத்துவிட்டு, வெளியே வந்து அந்தப் பேரிக்காய் மரத்தடியில் நின்றுகொள்வான். முதலில் விளக்கெண்ணெய். அது உலகம் தோன்றிய நாளிலிருந்து கொடுப்பது, அது என்ன செய்யுமோ அதை மட்டும் செய்தது. பிறகு கொய்னா. காய்ச்சலுக்குத் தருகிற அதே கசப்புதான், வலியையும் கிளப்பும் என்று அந்தக் கால டாக்டர்கள் நம்பினார்கள். கெம்பம்மாள் அதை விழுங்கிய அன்று அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை, எங்கள் லயன் வீடுகள் முழுக்க எல்லோருக்கும் காதுக்குள் மணி அடித்தது, மூன்று வேளையும் சத்தம்போட்டுப் பேசிக்கொண்டோம்.

அடுத்து வந்தது மாட்டின் மூளைக்கு அடியில் கடலைப் பருப்பு அளவில் இருக்கும் ஒரு சுரப்பியைப் பிழிந்தெடுத்த ஊசி. ரொம்ப நாளாக வெள்ளைக்காரர்கள் போட்டுவந்த ஊசிதான், எங்கள் மலைக்கு வரத் தாமதம். மாட்டின் தலையிலிருந்து எடுத்ததை உடம்பில் ஏற்றலாமா என்று கோயில் முன்னால் ஒருநாள் முழுக்கப் பேசி, பால் குடிக்கிறோமே என்று முடிவுகட்டினோம். ஊசி போட்டார் தேவசகாயம். கெம்பம்மாளின் வயிறு அசையவில்லை. ஆனால் ஊரிலுள்ள மாடுகள் அத்தனையும் அந்த நடுப்பகலில் கறக்காமலே பால் சொரிந்தன, கட்டுத்தறியெல்லாம் வெள்ளமாகி, சாக்கடையில் பால் ஓடியது. அன்று நாய்கள் கொழுத்தன. கெம்பம்மாள் ஜன்னல் வழியாக அந்தப் பாலைப் பார்த்துக்கொண்டே அழுதாள் என்று தேவசகாயம் சொன்னார்.

ஏனென்றால் ஏக்கம் அவளுக்கு இல்லாமல் இல்லை. பிள்ளை வயிற்றில் பத்திரமாக இருக்கிறது, சரி. ஆனால் முகம்? ஒரு முகத்தைப் பார்க்காமலே விட்டவள், இன்னொரு முகத்தையும் தோலுக்கு அந்தப் பக்கம் வைத்துக்கொண்டு எத்தனை காலம்தான் இருப்பாள்? வெயிலில் உட்கார்ந்து வயிற்றைத் தடவிக்கொண்டு, இது குதிகால், இது முழங்கை என்று கண்டுபிடிப்பாள், முகம் மட்டும் எப்போதும் அவள் முதுகுப் பக்கமே திரும்பியிருக்கும். "வாடா கண்ணு, வாடீ கண்ணு, இப்பத் தோணலியா?" என்று இரண்டு விதமாகவும் கூப்பிட்டுப் பார்ப்பாள். உள்ளே ஒரு புரளல், அவ்வளவுதான்.

யுத்தம் எப்போதோ முடிந்துவிட்டது. ரை விதைத்த சரிவில் தேயிலை வந்தது, பண்ணை ஆபீசர் போனார், கொட்டகையின் தகரத்தை யாரோ கழற்றிக்கொண்டு போனார்கள். அந்த மாட்டுச் சுரப்பியில் இருக்கும் சரக்கு இன்னதுதான் என்று கண்டுபிடித்து, மாடே இல்லாமல் கண்ணாடிக் குடுவையில் செய்யக் கற்றுக்கொண்டார்கள் என்ற சேதி வந்தது. அந்த ஊசியும் வந்தது, போட்டார்கள், இப்போது மாடுகள்கூடச் சட்டை செய்யவில்லை. திம்மராயனின் மீசை நரைத்தது. கெம்பம்மாளுக்கு முடி கொட்டியது, பல் ஆடியது, தேயிலை கிள்ளும் வேகம் குறைந்தது, வயிறு மட்டும் அன்று போலவே நிறைமாதம். பிறகு அவள் கண்ணில் புரை விழ ஆரம்பித்தது.

புரையை எடுக்கலாம், கீழே கண்ணாஸ்பத்திரியில். ஆனால் எடுத்த பிறகு நாள்கணக்கில் அசையாமல் மல்லாக்கப் படுத்திருக்க வேண்டும் என்றார்கள். நிறைமாதக்காரி மல்லாக்கப் படுத்தால் மயக்கம் வந்துவிடும், ஊரில் எந்தப் பெண்ணைக் கேட்டாலும் சொல்வாள். ஆக, பிள்ளை வெளியே வந்தால்தான் கண். கண் போவதற்குள் வந்தால்தான் முகம். ஊரில் எங்கள் எல்லோருக்கும் முதன்முதலாக அவசரம் வந்தது. எல்லோரும் வயிற்றைப் பார்த்து வா வா என்று கத்தினோம். கோயிலில் விளக்குப் போட்டோம். மணியக்காரர் வந்து பேரனுக்குப் பெண் பார்க்க ஆரம்பித்துவிட்டோம், இதுதான் கடைசி வாய்ப்பு என்று மிரட்டிவிட்டுப் போனார். கெம்பம்மாளுக்கு அடுப்புத் தீ தெரியும், ஆள் நிழல் தெரியும், ஒரு சாண் தூரத்தில் பிடித்தால் உள்ளங்கை ரேகை தெரியும். அந்த ஒரு சாணும் நாளுக்கு நாள் குறைந்துகொண்டே வந்தது.

அந்த வருஷம்தான், டிஸ்பென்சரியாக இருந்து மாறிய எங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு நாகர்கோவிலிலிருந்து செல்லபாய் சிஸ்டர் மாற்றலாகி வந்தார். வந்த மறுநாள் கெம்பம்மாளைப் பார்த்தார், ஆச்சரியப்படவில்லை, அதனால் எங்களுக்கு அவரைப் பிடித்துப்போயிற்று. இதுவரை போட்டதையெல்லாம் திம்மராயன் வரிசையாகச் சொல்ல, கேட்டுக்கொண்டே இருந்தார்.

"எல்லாத்தையும் மொத்தமா குத்திட்டுப் போயிருக்காவ," என்றார். "இந்த மருந்து வேற ஒண்ணும் இல்ல பாட்டா, தாய்க்க தலைக்குள்ள அதுவா ஊறுயதுதான். அதை ஒரேயடியா உள்ள தள்ளினா எப்பிடி? குளுக்கோஸ்ல கலந்து சொட்டுச் சொட்டா விடணும். பக்கத்துல ஆளு இருந்து பாக்கணும். வேகமாப் போனா பிள்ளைக்கு மூச்சு முட்டிரும், கேட்டியளா."

மூச்சு முட்டிரும் என்றதும் திம்மராயன் எழுந்து வெளியே போனான். சிஸ்டர் அடுத்த நாள் காலையில் வரச்சொன்னார்.

காலையில் ஊரே சுகாதார நிலையத்து வாசலில் இருந்தது. தேயிலை கிள்ளப் போனவர்களும் கூடையோடு சரிவில் நின்று கீழே பார்த்துக்கொண்டிருந்தார்கள். கெம்பம்மாளை இடது பக்கமாக ஒருக்களித்துப் படுக்க வைத்து, பாட்டிலைக் கம்பியில் மாட்டி, குழாயின் திருகைத் தொட்டுத் தொட்டுச் சொட்டைச் சரிசெய்தார் சிஸ்டர். திம்மராயன் வழக்கம்போல மரத்தடிக்கு நகர்ந்தான்.

"பாட்டா, எங்க போறிய? இங்க வாங்க. நான் சொட்டைப் பாக்கணும், பிள்ளைக்க இதயத்தைக் கேக்கணும். வயித்து மேல கைய வச்சிட்டு இருக்க ஒரு ஆளு வேணும். கல்லு மாதிரி இறுகினாச் சொல்லணும், இளகினாச் சொல்லணும். வேற ஒரு வேலையும் இல்ல."

"பொம்பளைக யாராச்சும் வெக்கட்டுங் சிஸ்டர்."

"ஏன், உங்க கைக்கு என்ன?"

திம்மராயன் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டான். "வேண்டாஞ் சாமி. இது ஒருக்கா அவசரப்பட்ட கை."

ஊருக்கே தெரிந்த விஷயம்தான். ஆனால் அவன் வாயிலிருந்து அன்றுதான் வந்தது. கட்டிலிலிருந்து கெம்பம்மாள், நிழல் நின்ற திசையைப் பார்த்துக் கையை நீட்டினாள்.

"ஏனுங்க. வந்து வைங்க."

அவன் வந்தான். அவள் அந்தக் கையைப் பிடித்துத் தன் வயிற்றின் மேல் வைத்து, அதன் மேல் தன் கையை வைத்து அழுத்தினாள். உள்ளேயிருந்து, அத்தனை வருஷமும் ஊரிலுள்ள எல்லோரையும் உதைத்த கால் அவன் உள்ளங்கையைத் தொட்டது, உதைக்கவில்லை, தொட்டது. திம்மராயன் குலுங்கிக் குலுங்கி அழுதான். அழுதுகொண்டே கட்டிலோரம் மண்டிபோட்டு, வயிற்றுக்குப் பக்கத்தில் வாயை வைத்து, ஊரெல்லாம் வா வா என்று கூப்பிட்டுக்கொண்டிருந்த அந்தப் பிள்ளையிடம் சொன்னான்:

"அவசரமில்ல கண்ணு. அப்பன் இங்கதான் உக்காந்திருக்கறேன். உன்ற இஷ்டத்துக்கு வா."

கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை. பிறகு, "இறுகுதுங் சிஸ்டர்," என்றான். பிறகு, "இளகுதுங்." பிறகு மறுபடியும். வெயில் ஜன்னலிலிருந்து சுவருக்கும், சுவரிலிருந்து கட்டில் காலுக்கும் நகர்ந்தது. அவன் கையை எடுக்கவில்லை, தண்ணீர் குடிக்கவில்லை, இறுகுது, இளகுது என்று மந்திரம்போலச் சொல்லிக்கொண்டே இருந்தான். கெம்பம்மாள் பல்லைக் கடித்துக்கொண்டு, ஒவ்வொரு வலிக்கும் அவன் விரல்களை நொறுக்கினாள். பிற்பகலில் ஒரு வலி வந்து, இறுகியது இறுகியபடியே நின்றது. அவனுக்கு அது தெரியும், அந்த விடாப்பிடி.

"நிறுத்துங் சிஸ்டர்! இளக மாட்டேங்குது! நிறுத்திப்போடுங்!"

சிஸ்டர் திருகை மூடினார். குழலைக் காதில் வைத்துக் குனிந்தார். திம்மராயன் கண்ணை மூடிக்கொண்டு கையால் மட்டும் பார்த்துக்கொண்டிருந்தான்.

"இளகுதுங்," என்றான் கடைசியில். "சித்தெ இருங்க. இன்னும் சித்தெ. அவளுக்கு மூச்சு வரட்டும்." நாங்கள் எல்லோரும் அவனுக்காகக் காத்திருந்தோம். சிஸ்டர்கூடத் திருகில் விரலை வைத்துக்கொண்டு அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "ம். இப்ப விடுங்."

பொழுது சாயுமுன் பெண் பிள்ளை பிறந்தது. உடனே அழவில்லை, வெளியே திண்டாடிக்கொண்டிருந்த எங்களுக்கு உயிர் போய் உயிர் வந்தது, பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு அழுதது. பிறந்த பிள்ளையின் அளவுதான், அதற்குமேல் இல்லை. தலை நிறைய முடி, காதோரம் மட்டும் கொஞ்சம் நரைத்திருந்தது. வலியைக் கொண்டுவந்தது சொட்டு மருந்துதான் என்று ஊரில் ஒரு பாதியும், திம்மராயன் கைதான் என்று மறுபாதியும் இன்றுவரை சண்டை போடுகிறோம். செல்லபாய் சிஸ்டரைக் கேட்டதற்கு, ரெண்டும் இல்லாம எப்பிடி என்றார்.

அது போகட்டும். சிஸ்டர் பிள்ளையைத் துடைத்துக் கெம்பம்மாளிடம் கொடுத்தார். அவள் அதை ஜன்னல் வெளிச்சத்துப் பக்கம் திருப்பி, தன் கண்ணுக்குப் பக்கத்தில், சாணுக்கும் குறைந்த தூரத்தில் பிடித்துக்கொண்டாள். நெற்றியைப் பார்த்தாள். புருவத்தைப் பார்த்தாள். ஒவ்வொன்றாக, நிறுத்தி நிறுத்திப் பார்த்தாள்.

"ஏனுங்க," என்றாள், முகத்திலிருந்து கண்ணை எடுக்காமல். "யாரு சாயலுங்?"

அந்த வீட்டில் கேட்காததும் சொல்லாததுமாக அத்தனை வருஷம் நின்ற சாமானை நகர்த்தத் திம்மராயனுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

"அவ அக்காளை உரிச்சு வெச்சிருக்கா அம்மிணி," என்றான். "இதே மூக்கு. இதே மாதிரி மோவாயில குழி. அவளுக்கும் மேலுதடு இப்புடித்தான் சித்தெ தூக்கியிருந்துது. ஒரு மாத்தமும் இல்ல."

கெம்பம்மாள் மறுபடி முதலிலிருந்து பார்க்க ஆரம்பித்தாள். நெற்றியை, புருவத்தை, அந்த மூக்கை, மோவாயிலிருந்த குழியை விரலால் தொட்டு, தூக்கியிருந்த மேலுதட்டை. இந்த முறை இன்னொருத்தியையும் பார்த்தாள், பேரிக்காய் மரத்தடியில் கிடப்பவளை. அவள் கண்ணீர் பிள்ளையின் முகத்தில் விழுந்தது, அதைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தாள்.

பிள்ளைக்குப் பசி வந்து வீறிட்டது. கெம்பம்மாளின் ரவிக்கை, அந்த வயதில், இரண்டு பக்கமும் நனைந்து ஊறிக்கொண்டிருந்ததை அப்போதுதான் எல்லோரும் பார்த்தோம். சித்தெ இரு கண்ணு என்று சொல்லத்தான் அவள் வாயைத் திறந்தாள். சட்டென்று உதட்டைக் கடித்துக்கொண்டு, ஒரு வார்த்தை பேசாமல், அவசர அவசரமாக ரவிக்கையின் கொக்கியைக் கழற்றினாள்.